ஐந்து பேரிடம் கேட்டார், யாரிடமும் காட்டவில்லை

இந்த நிகழ்வின் மையத்தில் இருப்பவர் ஒரு பொது மருத்துவர். அவருடைய ஒப்புதலோடுதான் எழுதுகிறேன். எழுதி முடித்ததை அவரே முழுதாகப் படித்து, இரண்டு இடங்களில் திருத்தமும் சொன்னார். அவரை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நோயின் போக்கையும், நாங்கள் எடுத்த முடிவுகளையும், செய்த தவறுகளையும் மாற்றவில்லை. அதே மருத்துவமனையில் வேறொரு பிரிவில் வேலை செய்கிறவன் நான். கடைசியில் அவருக்கு மருத்துவராக அமைந்தவன்.

பின்னணி

வயது 43. பெண். பொது மருத்துவத்தில் 15 ஆண்டு அனுபவம். வார்டு, ஓ.பி., மாணவர்களுக்கு வகுப்பு, அதோடு முறைவைத்துத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவுப் பணி. வேலையில் கெட்டிக்காரர், பொறுமையானவர் என்று பெயர் எடுத்தவர். கடினமான செய்தியைக் குடும்பத்தாரிடம் சொல்ல வேண்டியிருந்தால் மற்ற மருத்துவர்கள் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

அந்த ஆண்டின் தொடக்கத்தில் அவருடைய பிரிவில் ஒருவர் வேலையை விட்டுப் போனார். அந்த இடத்துக்கு ஆள் வரவில்லை. போனவருடைய இரவுகளை மீதியிருந்த நான்கு பேரும் பங்கிட்டுக்கொண்டார்கள். நால்வரில் இரண்டு பேருக்குக் கைக்குழந்தைகள். அதனால் இவர் தன் பங்குக்கு மேலேயே எடுத்துக்கொண்டார். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வாரத்தில் ஒரு முறையாவது காலை எட்டு மணிக்கு வேலைக்கு வந்தவர், மறுநாள் மதியத்துக்கு மேல்தான் வீட்டுக்குப் போனார்.

அதற்கு முன் அவருக்குச் சொல்லும்படியான நோய் எதுவும் கிடையாது. அம்மா பல வருடங்களாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர். இதை அவரிடம் யாரும் கேட்காததால், எங்களுக்குக் கடைசியில்தான் தெரிந்தது.

ஏழு மாதங்கள்

முதலில் வந்தது படபடப்பு. ஒருநாள் லிஃப்டில் இதய மருத்துவர் ஒருவரைப் பார்த்தபோது சொல்லியிருக்கிறார். அவரும் அங்கேயே மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் வேகமாத்தான் இருக்கு. தூக்கமில்லாம ஓடிட்டு இருக்கீங்க, டாக்டர். ப்ரோப்ரனலால் இருபது போட்டுப் பாருங்க" என்றார். இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை அது. மூன்றாவது மாடி வந்தது. இருவரும் இறங்கி ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள்.

அப்புறம் முடி கொட்டியது. தோல் மருத்துவராக இருக்கும் தோழிக்கு வாட்ஸ்அப்பில் உச்சந்தலையைப் படம் எடுத்து அனுப்பினார். மன அழுத்தத்தால் முடி கொட்டுவது சகஜம் என்ற பதிலோடு, தினமும் 10 மில்லிகிராம் பயோட்டின் என்ற வைட்டமின் சாப்பிடச் சொல்லி ஒரு வரி வந்தது. ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை வயிறு போக ஆரம்பித்ததும், கூட்டம் முடிந்து வெளியே வரும்போது குடல் மருத்துவரிடம் கேட்டார். ஐ.பி.எஸ். என்ற குடல் எரிச்சல் நோயாக இருக்கும் என்றார் அவர். மாதவிலக்கு மிகக் குறைவாக வந்தபோது மகப்பேறு மருத்துவரிடம் கேட்டார். இந்த வயதில் இப்படித்தான் ஆரம்பிக்கும் என்றார் அவர். விரல்கள் லேசாக நடுங்குவதை நரம்பியல் மருத்துவரிடம் காபிக் கோப்பையோடு நின்றபடி காட்டினார். "ஏற்கெனவே ப்ரோப்ரனலால் போடறீங்கல்ல, நடுக்கத்துக்கும் அதுதான் மருந்து. காபியைக் குறைங்க" என்று பதில் வந்தது.

தூக்கத்துக்கு யாரிடமும் கேட்கவில்லை. தானே அல்ப்ரசோலம் என்ற தூக்க மாத்திரையை எழுதிக்கொண்டார். கால் மில்லிகிராமில் ஆரம்பித்தது நான்கு மாதத்தில் ஒரு மில்லிகிராம் ஆனது. வீட்டிலிருந்தபடி அவசர அழைப்புக்குத் தயாராக இருக்க வேண்டிய இரவுகளிலும் அதைச் சாப்பிட்டிருக்கிறார்.

படபடப்பு, நடுக்கம், முடி கொட்டுதல், வயிறு போவது, மாதவிலக்குக் குறைவு, தூக்கமின்மை. இதோடு உடல் எடை 61 கிலோவிலிருந்து 53க்கு வந்திருந்தது. இவை எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் கொடுத்தால் தைராய்டைப் பாருங்கள் என்று சொல்லிவிடுவார். அந்தத் தாள்தான் எங்கும் இல்லை. ஐந்து மருத்துவர்களும் கையில் கிடைத்த துண்டுக்குப் பொருந்துகிற பதிலைத்தான் சொன்னார்கள். ஒருவர்கூடக் குறிப்பு எழுதவில்லை, வேறென்ன செய்கிறது என்று கேட்கவில்லை, ஒரு வாரம் கழித்து எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரிக்கவும் இல்லை. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வராந்தாவில் நின்று கேட்பவரிடம் உடையைத் தளர்த்திப் படுங்கள் என்று யாரும் சொல்வதில்லை. எங்கள் எல்லோருக்கும் அது பழக்கமாகிப்போன வைத்தியம்.

அதே மாதங்களில் அவர் மாணவர்களுக்குக் கழுத்தில் தைராய்டைத் தொட்டுப் பார்க்கும் முறையை நோயாளியின் படுக்கை அருகே நின்று கற்றுக்கொடுத்திருக்கிறார். தன் கழுத்தில் கை வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை என்று பிறகு சொன்னபோது அவருக்குக் கண் கலங்கியது.

சுற்றியிருந்தவர்கள் கண்டது வேறு. கோபக்காரராகிவிட்டார், செவிலியர்களை முறைக்கிறார், பேசும்போது பாதியில் குறுக்கிடுகிறார் என்று பேச்சு கிளம்பியது. அவர் முறைக்கவில்லை. மேல் இமை சற்று மேலே இழுத்துக்கொண்டு கண் அகலத் திறந்து தெரிந்தது. அது நோயின் அடையாளம். அதைக் குணக்கேடாக எடுத்துக்கொண்டோம். பர்ன் அவுட் ஆகிவிட்டது, பாவம் என்று இரக்கத்தோடு சொன்னவர்களும் உண்டு. இதை எழுதும் நானும் அதே கூட்டத்தில் ஒருவன். ஆய்வுக் கூட்டம் ஒன்றில் அவரைப் பார்த்து, "வெயிட் குறைஞ்சு நல்லா இருக்கீங்களே" என்று சொல்லியிருக்கிறேன். அவர் சிரித்தார். நானும் தேநீர் எடுக்கப் போய்விட்டேன்.

இந்த பர்ன் அவுட் என்ற சொல்லைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி-11 என்ற நோய்ப் பட்டியல் 2022இல் நடைமுறைக்கு வந்தது. அதில் பர்ன் அவுட் ஒரு நோயாக இல்லை. வேலை தொடர்பான ஒரு நிலையாகத்தான் இருக்கிறது. சமாளிக்கப்படாமல் நீடிக்கும் பணி அழுத்தத்தால் வரும் களைப்பு, வேலையிலிருந்து மனம் விலகுவது, திறமை குறைந்துவிட்டதான உணர்வு என்று மூன்று கூறுகளை அது சொல்கிறது. மனச்சோர்வு நோய், பதற்ற நோய் போன்றவை இருந்தால் அவற்றைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. ஆக, அந்தப் பெயரைச் சூட்டுவதற்கு முன்னால் மற்றவற்றைப் பார்த்து விலக்கியிருக்க வேண்டும். நாங்கள் பெயரைச் சூட்டினோம், பார்ப்பதை நிறுத்திக்கொண்டோம்.

அந்த இரவு

தீவிர சிகிச்சைப் பிரிவு. விடிகாலை 4.40. அவர் பணிக்கு வந்து இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஏழாம் படுக்கை நோயாளிக்கு ரத்தத்தில் பொட்டாசியம் 2.8, இயல்பைவிடக் குறைவு. சொட்டு மருந்தாகப் பொட்டாசியம் குளோரைடு கொடுக்க வேண்டும். அதை அவர் ஒன்பதாம் படுக்கையின் தாளில் எழுதினார். ஒன்பதாம் படுக்கையில் இருந்தவருக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்து, பொட்டாசியம் ஏற்கெனவே 5.9, இயல்பைவிட அதிகம். அந்த மருந்து ஏறியிருந்தால் இதயம் நின்றிருக்கலாம்.

பணியிலிருந்த மூத்த செவிலியர் மருந்தை எடுப்பதற்கு முன் ஆய்வக முடிவைப் புரட்டிப் பார்த்தார். தாளை எடுத்துக்கொண்டு நேராக வந்தார். "டாக்டர், இது ஏழுக்கு எழுதினதா?" என்று மட்டும் கேட்டார். மருத்துவர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எழுதியதை அடித்துவிட்டுச் சரியான தாளில் எழுதப் பேனாவை எடுத்தார். கை நடுங்கியதில் எழுத்து விழவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மீதி இரவுக்கு வேறொருவரை அழைத்தார்கள்.

செவிலியர் இரண்டு காரியம் செய்தார். விதிப்படி நிகழ்வு அறிக்கை எழுதினார். காலையில் மருத்துவக் கண்காணிப்பாளரைத் தனியாகப் பார்த்து, "அவங்களுக்கு உடம்பு சரியில்லை சார். கவனக்குறைவுன்னு மட்டும் பார்க்காதீங்க" என்றார். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டதற்கு அவர் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதிவைத்திருக்கிறேன். "அவங்க டியூட்டின்னா ஏ.சி. பதினெட்டுல இருக்கும், நாங்க எல்லாரும் ஸ்வெட்டர் போட்டுக்குவோம். அவங்களுக்கு மட்டும் வேர்க்கும். கை கழுவும்போது பார்த்தேன், மோதிரம் நழுவாம இருக்க உள்பக்கம் மைக்ரோபோர் டேப் சுத்தியிருக்காங்க. ரெண்டு மாசமா அந்த டேப் தடிச்சுக்கிட்டே போகுது."

ஏழு மாதத்தில் அவரை முழு ஆளாகப் பார்த்தவர் இந்தச் செவிலியர் ஒருவர்தான்.

முதல் முடிவு: இரண்டு கோப்புகள்

கண்காணிப்பாளர் முன் இருந்த எளிய வழி, விளக்கம் கேட்டு ஒரு கடிதம் அனுப்புவது. கடிதம் தட்டச்சும் ஆகிவிட்டது. அவர் அதை நிறுத்திவைத்து விஷயத்தை இரண்டாகப் பிரித்தார். பொட்டாசியம் பிழை ஏன் நடந்தது என்று ஆராய ஒரு குழு. மருத்துவரின் உடல்நலத்துக்கு முற்றிலும் தனியாக ஒரு மருத்துவர். குழு அவருடைய நோய் விவரத்தைக் கேட்கக் கூடாது. சிகிச்சை தரும் மருத்துவர் குழுவில் உட்காரக் கூடாது. நிர்வாகத்துக்கு அவர் தர வேண்டியது ஒரே வரி: பணிக்குத் தகுதி உண்டா இல்லையா, எந்தத் தேதி வரை.

காரணம் இதுதான். விசாரிப்பவரும் வைத்தியம் பார்ப்பவரும் ஒருவரே என்றால் நோயாளி எதையும் சொல்ல மாட்டார். மருந்துப் பழக்கம், தூக்கம், மனநிலை ஆகியவற்றைப் பற்றி உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும் என்று பயப்படுகிற ஒருவரிடமிருந்து நமக்குக் கிடைப்பது பாதி வரலாறுதான்.

அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது. அவருடைய பிரிவில் இல்லாதவன், அவருக்கு மேலதிகாரியும் இல்லை, கீழ் வேலை செய்பவனும் இல்லை என்பதால் என்னைக் கேட்டார்கள். ஒரு நிபந்தனை வைத்தேன். அவர் பதிவு செய்துகொண்டு, நேரம் வாங்கிக்கொண்டு, நோயாளியாக வர வேண்டும். நான் அவர் அறைக்குப் போய்ப் பார்க்க மாட்டேன். அவருடைய மின்னணுக் கோப்பை எனக்கும் ஆய்வகத்துக்கும் மட்டும் திறக்கும்படி பூட்டச் சொன்னோம். வேறு யார் திறந்தாலும் பெயரோடு பதிவாகும்.

பரிசோதனை அறையில்

வந்து உட்கார்ந்ததும் அவர் வழக்கு எடுத்துரைப்பது போல ஆரம்பித்தார். "43 வயதுப் பெண், ஏழு மாதமாகப் படபடப்பு, பணிச்சுமை காரணமான பதற்றம்." தன்னைப் பற்றியே வேறு யாரையோ பற்றிப் பேசுவதுபோல், நோயின் பெயரையும் முதலிலேயே சேர்த்துச் சொன்னார். நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். "டாக்டர், நோய் பேரை நான் சொல்றேன். உங்களுக்கு என்ன பண்ணுதுன்னு மட்டும் சொல்லுங்க" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "படி ஏறினா தொடை நிக்க மாட்டேங்குது" என்றார். அதுவரை யாரிடமும் சொல்லாத அறிகுறி அது.

முழு வரலாறு எடுக்க ஐம்பது நிமிடம் ஆனது. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 104, அதுவும் ப்ரோப்ரனலால் சாப்பிட்ட நிலையில். கையை நீட்டச் சொல்லி விரல்கள் மேல் ஒரு தாளை வைத்தேன். தாள் படபடவென்று ஆடியது. கழுத்தில் தைராய்டு சுரப்பி இரண்டு பக்கமும் சமமாக வீங்கியிருந்தது. ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் ரத்த ஓட்டத்தின் இரைச்சல் கேட்டது. இமை உள்ளிழுப்பு தெளிவாகத் தெரிந்தது. நோயைச் சந்தேகிக்க ஆய்வகமே தேவைப்படவில்லை.

வேறென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று மூன்று முறை கேட்டேன். மூன்றாவது முறைதான் பயோட்டின் வெளியே வந்தது. வைட்டமின்தானே, மருந்தில்லையே என்றார். இது முக்கியமான தகவல். அதிக அளவு பயோட்டின் ரத்தத்தில் இருந்தால் சில ஆய்வகக் கருவிகள் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) அளவைப் பொய்யாகக் குறைத்தும், டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) அளவைப் பொய்யாகக் கூட்டியும் காட்டும். நோயே இல்லாதவருக்கும் அறிக்கை கிரேவ்ஸ் நோய் (உடலின் எதிர்ப்பாற்றலே தைராய்டைத் தூண்டி அளவுக்கு மீறிச் சுரக்க வைக்கும் நோய்) போல வந்துவிடும். அதனால் அன்றே ஒரு மாதிரி எடுத்தோம். பயோட்டினை நிறுத்திவிட்டு மூன்று நாள் கழித்து மறுபடி எடுத்தோம். டி.எஸ்.எச். இரண்டு முறையும் 0.01க்குக் கீழே. ஃப்ரீ டி4 முதலில் 5.6, இரண்டாவதில் 4.1. எங்கள் ஆய்வகத்தில் இயல்பின் மேல் எல்லை 1.7. டி.எஸ்.எச். ஏற்பிக்கு எதிரான ஆன்டிபாடியும் இருந்தது. ஸ்கேனில் சுரப்பி முழுதும் ஒரே சீராக மருந்தை ஈர்த்தது. கிரேவ்ஸ் நோய் உறுதியானது.

அவர் சாப்பிட்ட ப்ரோப்ரனலால் தவறான மருந்தில்லை. கிரேவ்ஸ் நோயில் நாங்களும் அதைத்தான் கொடுக்கிறோம். ஆனால் நோயைக் கண்டுபிடிக்காமல் கொடுத்ததால், துடிப்பையும் நடுக்கத்தையும் பாதி அமுக்கி, யாரும் சந்தேகப்படாத அளவில் வைத்திருந்தது.

அதோடு நிறுத்தாமல் மனநிலையையும் கேட்டேன். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்விகள் கேட்கும் பி.எச்.கியூ-9 தாளைக் கொடுத்தேன். 27க்கு 16 வந்தது. ஒன்பதாவது கேள்வி உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணத்தைப் பற்றியது. அதில் 'சில நாட்கள்' என்பதைக் குறித்திருந்தார். தாளை மடித்துக் கோப்பில் வைப்பது சுலபம். நேரடியாகவே கேட்டேன். காலையில் எழுந்திருக்காமலே போய்விட்டால் நல்லது என்று அந்த இரவுக்குப் பிறகு சில முறை தோன்றியதாகச் சொன்னார். எப்படி என்ற யோசனையோ ஏற்பாடோ இல்லை. யாரும் இதுவரை கேட்கவில்லை என்றார். கேட்டதால் அவருக்குச் சுமை குறைந்ததே தவிரக் கூடவில்லை.

அடுத்த முடிவுகளும் காரணங்களும்

நான்கு வார மருத்துவ விடுப்பு. ஹார்மோன் அளவு இயல்புக்கு வரும்வரை இரவுப் பணி கிடையாது. பகலில் மட்டும் வேலை செய்யட்டும், ஆள் பற்றாக்குறை இருக்கிறது என்று அவருடைய பிரிவு கேட்டது. நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த நிலையில் அவர் எழுதும் ஒவ்வொரு மருந்துச்சீட்டும் நோயாளிக்கும் அவருக்கும் ஆபத்து.

தைராய்டு சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் 30 மில்லிகிராம் ஆரம்பித்தோம். அதற்கு முன் ரத்த அணுக்களையும் கல்லீரலையும் பார்த்துக்கொண்டோம். இந்த மருந்து அரிதாக வெள்ளையணுக்களை அபாயகரமாகக் குறைத்துவிடும். காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் மருந்தை நிறுத்திவிட்டு அன்றே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். இது அவருக்குத் தெரியும். தெரியும் என்பதற்காக நான் சொல்லாமல் விடவில்லை. மற்ற நோயாளிகளுக்குக் கொடுக்கும் அதே அச்சிட்ட தாளைக் கொடுத்து, படித்ததாகக் கையெழுத்தும் வாங்கினேன்.

மனநல மருத்துவரைப் பார்க்க அதே வாரத்தில் நேரம் வாங்கினோம். வேறு மருத்துவமனையில். இங்கே அந்தப் பிரிவின் வாசலில் உட்கார்ந்தால் அவருடைய மாணவர்களே பார்ப்பார்கள். மனச்சோர்வுக்கு உடனே மருந்து தொடங்குவதா என்று இருவரும் பேசினோம். தைராய்டு அதிகமானாலே தூக்கம் கெடும், பசி மாறும், கவனம் சிதறும், களைப்பு வரும். 16இல் எவ்வளவு தைராய்டு, எவ்வளவு மனம் என்று அப்போது பிரிக்க முடியாது. அதனால் மருந்தைத் தள்ளிவைத்து, வாரம் ஒருமுறை நேரில் பார்ப்பது என்று முடிவானது. எண்ணம் தீவிரமானால் யாரை எந்நேரமும் கூப்பிடலாம் என்று மூன்று எண்களை எழுதிக்கொண்டார். அவர் சம்மதத்தோடு கணவரையும் அழைத்துப் பேசினோம். வீட்டிலிருந்த தூக்க மாத்திரைகளைக் கணவர் எடுத்து வைத்துக்கொண்டார். அல்ப்ரசோலத்தைத் திடீரென நிறுத்தினால் உடல் தாங்காது. எட்டு வாரத்தில் படிப்படியாகக் குறைத்தோம். இனி தனக்குத்தானே மருந்துச்சீட்டு எழுதுவதில்லை என்று அவரே சொன்னார்.

அதன் பிறகு

ஐந்தாவது வாரம் இரவு ஒன்பது மணிக்கு ஒரு போன். "தொண்டை வலிக்குது. நூத்தியொண்ணு காய்ச்சல். அசித்ரோமைசினைக் கையில எடுத்துட்டேன். அப்புறம் கீழ வச்சிட்டு உங்களுக்குக் கூப்பிடறேன்." அசித்ரோமைசின் ஒரு ஆன்டிபயாடிக். கார்பிமசோலை நிறுத்தச் சொல்லி உடனே ரத்தம் எடுக்க வைத்தோம். வெள்ளையணுக்கள் சரியாக இருந்தன. சாதாரண வைரஸ் காய்ச்சல்தான். இரண்டு நாள் கழித்து மருந்தைத் தொடர்ந்தோம். இந்த முழு நிகழ்விலும் எனக்கு மிகவும் நிம்மதி தந்த நிமிடம் அந்த போன்தான்.

ஏழாவது வாரம் ஃப்ரீ டி4 இயல்புக்கு வந்தது. டி.எஸ்.எச். எழுந்திருக்க ஐந்து மாதம் ஆனது. அது இந்த நோயில் வழக்கம். நான்கு வாரத்தில் பகல் வேலைக்குத் திரும்பியிருந்தவர் நான்காவது மாதத்தில் மாதத்துக்கு இரண்டு இரவு எடுக்க ஆரம்பித்தார்.

மனநிலை அளவு எட்டாவது வாரத்தில் 16இலிருந்து 9 ஆனது. ஒன்பதாவது கேள்விக்குப் பூஜ்யம். ஆனால் அதற்கு மேல் இறங்கவில்லை, அங்கேயே நின்றுவிட்டது. தைராய்டு சரியானால் எல்லாம் சரியாகிவிடும் என்று உள்ளூர நம்பிக்கொண்டிருந்தேன். அப்படி நடக்கவில்லை. மிச்சமிருந்தது ஒன்பதாம் படுக்கை. அந்த நோயாளி குணமாகி வீட்டுக்குப் போய்விட்டார், அவருக்கு ஒன்றும் நேரவில்லை. இருந்தும் மருத்துவர் ஒவ்வொரு மருந்தை எழுதும்போதும் படுக்கை எண்ணை நான்கு முறை பார்த்தார், வீட்டுக்குப் போன பிறகும் வார்டுக்குப் போன் செய்து கேட்டார். பிழை செய்த மருத்துவரும் காயப்படுகிறார் என்பதை 2000ஆம் ஆண்டில் ஆல்பர்ட் வூ என்ற மருத்துவர் எழுதினார். 'இரண்டாவது பாதிக்கப்பட்டவர்' என்று அதற்கு அவர் பெயரும் வைத்தார். மனநல மருத்துவரோடு நடந்த பேச்சு முழுக்க இதைச் சுற்றித்தான். ஆறாவது மாதத்தில் அளவு 4க்கு வந்தது. மனச்சோர்வுக்கு மருந்து தேவைப்படவில்லை.

பிழையை ஆராய்ந்த குழு தனி வழியில் போனது. இருபது மணி நேரத்துக்கும் மேல் விழித்திருந்தவரின் கையில் இரண்டு தாள்கள் ஒரே பலகையில் செருகப்பட்டிருந்தன என்று கண்டது. 17 மணி நேரம் தூங்காமல் இருப்பவரின் செயல்திறன் ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவருடையதுபோல் குறைகிறது, 24 மணி நேரத்தில் அது ஏறக்குறைய 0.10 சதவீதத்துக்கு ஒப்பாகிறது என்று 1997இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. குழுவின் அறிக்கை இதை மேற்கோள் காட்டி, தொடர் பணியை 16 மணி நேரத்தோடு நிறுத்தச் சொன்னது. நோய் இல்லாத வேறொருவர் அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் அந்தப் பிழை நடந்திருக்கலாம். குழுவுக்கு அவருடைய தைராய்டைப் பற்றித் தெரியாததே நல்லதாயிற்று. தெரிந்திருந்தால் பழியை அதன்மேல் போட்டுவிட்டுப் பணிப்பட்டியலைத் தொடாமல் விட்டிருப்பார்கள்.

எங்கே தவறினோம்

கோப்பைப் பூட்டினோம், பட்டியலைப் பூட்ட மறந்தோம். பணிப்பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே 'உடல்நிலை காரணமாக இரவு இல்லை' என்று எழுதி, நாற்பது பேர் இருக்கும் குழுவில் யாரோ பகிர்ந்துவிட்டார்கள். மாலைக்குள் மூன்று விதமான நோய்களின் பெயர் அடிபட்டது. அன்று இரவு அவர் தூங்கவில்லை. 'விடுப்பு' என்ற ஒரு சொல் போதுமாயிருந்தது.

அவர் விடுப்பில் இருந்த நான்கு வாரமும் அவருடைய இரவுகள் மீதி மூவர் தலையில் விழுந்தன. வெளியிலிருந்து தற்காலிகமாக ஒருவரை அழைத்திருக்க வேண்டும். மூன்றாவது வாரம் அந்த மூவரில் ஒருவர் வீடு திரும்பும் வழியில் காரில் கண் அசந்து, தடுப்பில் உரசிவிட்டார். காயம் இல்லை. ஒருவரைக் காப்பாற்ற இன்னொருவரை அதே இடத்துக்குத் தள்ளியிருந்தோம். இதற்கு எங்களிடம் நியாயம் எதுவும் இல்லை.

ஏன் முன்னாலேயே யாரிடமும் காட்டவில்லை என்று பின்னர் ஒருநாள் கேட்டேன். ஓ.பி. வரிசையில் தன் மாணவர்கள் நடுவே உட்கார முடியாது என்றார். கோப்பை யார் வேண்டுமானாலும் திறப்பார்கள் என்றார். கடைசியாகச் சொன்னதுதான் உறைத்தது: "டெஸ்ட் எடுத்து ஒண்ணும் இல்லைன்னு வந்துட்டா, நைட் டியூட்டிக்குப் பயந்து சாக்கு சொல்றான்னு நினைப்பாங்க." நோய் இருந்துவிடுமோ என்று பயந்து வராதவர்களை நாங்கள் தினமும் பார்க்கிறோம். நோய் இல்லாமல் போய்விடுமோ என்று பயந்து வராதவரை அன்றுதான் பார்த்தேன். அவரை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியதில் எங்கள் பேச்சுக்கும் பங்கு உண்டு.

இப்போது மாறியிருப்பது

மருத்துவர்களின் உறுதிமொழியாக 1948இல் எழுதப்பட்ட ஜெனீவா பிரகடனத்தில், மருத்துவர் தன் உடல்நலத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற உறுதிமொழி 2017 திருத்தத்தில்தான் சேர்ந்தது. உறுதிமொழியில் சேர்ந்ததைப் பணிப்பட்டியலில் சேர்ப்பது கடினமாக இருக்கிறது. எங்களால் முடிந்தவை சில.

வேலைக்குச் சேரும் ஒவ்வொரு மருத்துவரும் தன் பிரிவுக்கு வெளியே ஒருவரைத் தன் மருத்துவராகப் பதிவு செய்துகொள்கிறார். வெளி மருத்துவமனையிலும் இருக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை முன்கூட்டியே நேரம் ஒதுக்கப்படுகிறது, அன்று அரை நாள் வேலை இல்லை. மருத்துவர்களின் கோப்புகளை யார் திறந்தார்கள் என்று மாதம் ஒருமுறை பார்க்கிறோம். செவிலியர்கள் ஒரு மருத்துவரைப் பற்றிக் கவலைப்பட்டால் நிகழ்வு அறிக்கை எழுதாமலேயே சொல்ல ஒரு தனி வழி வைத்திருக்கிறோம். அந்த மூத்த செவிலியர்தான் அதைக் கவனித்துக்கொள்கிறார்.

வராந்தாவில் கேட்பதை முழுக்க நிறுத்த முடியவில்லை, முடியும் என்றும் தோன்றவில்லை. இப்போது யாராவது என்னிடம் லிஃப்டில் கேட்டால், "எழுதிக்கறேன், நாளைக்கு ரெண்டு மணிக்கு வாங்க" என்கிறேன். பாதிப் பேர் வருகிறார்கள். வராதவர்களுக்கு மறுநாள் போன் செய்கிறேன். முதலில் கேட்கப்பட்ட அந்த ஐந்து மருத்துவர்களிடமும், அவர் சம்மதத்தோடு, முழு வரலாற்றையும் ஒரே தாளில் எழுதிக் காட்டினோம். இதய மருத்துவர் அதை இரண்டு முறை படித்தார். மறுவாரம் தனக்கென்று ஒரு மருத்துவரைப் பதிவு செய்துகொண்டார்.

கார்பிமசோலை 18 மாதம் கொடுத்து நிறுத்தினோம். நிறுத்தி நான்கு மாதம் ஆகிறது. இந்த நோய் திரும்பக்கூடியது என்பதால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறார். நேரம் வாங்கிக்கொண்டு வந்து, கூப்பிடும் வரை வெளியே உட்கார்ந்திருக்கிறார்.

காலியாக இருந்த அந்த இடத்துக்குப் பதினோராவது மாதத்தில் ஆள் வந்தார். போன மாதம் வேறொரு இடம் காலியாகியிருக்கிறது. அந்த இரவுகளை யார் எடுப்பது என்று கூட்டத்தில் பேச்சு வந்தபோது, இரண்டை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று அவர் கை தூக்கினார். பட்டியலில் அவருக்கு ஒன்றுதான் எழுதியிருக்கிறோம்.